கை எட்டாத முதுகு

ஜனவரி 3, வெள்ளி

எண்ணெய் மில்காரர் கொடுத்த டைரி. முதல் பக்கத்தில் அவருடைய மில், இரண்டாம் பக்கத்தில் அவருடைய முகம். மூன்றாம் பக்கத்திலிருந்துதான் எனக்கு இடம்.

கடையில் கூட்டம் இல்லை. உளுந்து வரத்து தை பிறந்துதான் சூடு பிடிக்கும். பழைய சரக்கில் வண்டு விழுந்திருக்கிறதா என்று சில மூட்டைகளில் குத்தூசி போட்டுப் பார்த்தேன். மூட்டையின் விலாவில் செருகினால் உள்ளே இருப்பதை ஒரு பிடி வெளியே கொண்டுவந்து காட்டும் குழாய் அது. இந்த விருதுநகர்ப் பஜாரில் அதைக் கையில் பிடித்துச் சரக்குப் பார்த்த முதல் பொம்பளை நான்தான். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, மற்றவர்கள் சொல்லமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஆனதால் ராஜகனி நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு பின்கட்டுக்கு வந்துவிட்டாள். ராஜகனி என் நாத்தனார், வீட்டுக்காரருக்குத் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடு தங்கிவிட்டவள். வாசல் அறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். வெள்ளிதோறும் என் முதுகுக்கு அவள் எண்ணெய் தேய்ப்பாள், அவள் முதுகுக்கு நான்.

"இனிமே நானே தேச்சுக்கிறேன்" என்றேன்.

"ஏன் மதினி?"

"உன் கை சொரசொரன்னு இருக்கு. ஊசி குத்திக் குத்தி."

கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஜனவரி 10, வெள்ளி

இன்றும் வந்து கேட்டாள். கை எட்டுகிறது என்றேன். எட்டவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

பொங்கலுக்குப் புது ரவிக்கை. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தவளிடம் பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்து, "இதே அளவு. இடது பக்கம் மட்டும் கொஞ்சம் தளர விடு" என்றேன்.

"சதை போட்டிருக்கா?"

"வயசானா போடாதா?"

"ஒரு பக்கமா போடும்?"

மிஷின் சத்தத்தில் அவள் சொன்னது காதில் விழாத மாதிரி வந்துவிட்டேன். மிஷின் ஓடவே இல்லை என்பது கடைக்குப் போன பிறகுதான் உறைத்தது.

ஜனவரி 29, புதன்

வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர் அண்ணாச்சி நோட்டீசோடு வந்தார். "மதுரையில இருந்து ஆஸ்பத்திரி வண்டி வருதுக்கா. நம்ம சங்கத்து மண்டபத்துலதான். வண்டிக்குள்ளயே மிசின் இருக்காம். பொம்பளைகளுக்கு இந்த... வந்து..." என்று கூரையைப் பார்த்தார்.

"மார்புல புத்துநோய் இருக்கான்னு பாக்குறதா?" என்றேன்.

"ஆமாக்கா" என்று சொல்லி, கேட்காமலே தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

மதியம் சாப்பாட்டின்போது நோட்டீசைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ராஜகனி எட்டிப் பார்த்தவுடன், "நான் வரமாட்டேன்" என்றாள்.

"உன்னை யாரு கூப்பிட்டா?"

"கூப்பிடுவீகள்ல. நாப்பது வயசுக்கு மேலன்னு போட்டிருக்கே. எனக்குக் கூச்சமா இருக்கும் மதினி. செத்தாலும் ஒருத்தி முன்னால நிக்க மாட்டேன்."

"அங்க இருக்கிறது பொம்பளை டாக்டர்."

"பொம்பளைன்னா கண்ணு இருக்காதா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு விவரமானவள் இப்படிப் பேசினால் பருப்பு மில்லில் கல் பொறுக்குகிற பெண்கள் எப்படி வருவார்கள்? வெகுநேரம் பேசிப் பார்த்தேன். கடைசியில், "நீங்க மொதல்ல காட்டுங்க. அடுத்து நான் காட்டுதேன். இல்லைன்னா இல்லை" என்றாள். நீ முதலில் என்றேன். முடியாது என்றாள். சேர்ந்து போவோம் என்றேன். நீங்கதான் முதலில் என்று ஒரே பிடியாக நின்றாள்.

இறங்கி வந்தேன். எனக்கு அரை மணி நேரம் போகும், அவளுக்குப் பரிசோதனை ஆகிவிடும். என் பக்கம் நல்ல பேரம்தான்.

வீட்டுக்காரர் மோர் ஊற்றிக்கொண்டே, "ரெண்டு பேரும் ஏறியாச்சா? போலாம், ரைட்" என்றார். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருடம் ஆகிறது. வாய்க்கு மட்டும் ஓய்வு இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

போய்வந்தோம். மண்டபத்தில் நாற்காலிதான் அதிகம், ஆள் இல்லை.

முதலில் ஒரு டாக்டரம்மா திரைக்குப் பின்னால் கையால் தொட்டுப் பார்த்தார். எத்தனை பிள்ளை என்று கேட்டார். இல்லை, கடைதான் என்றேன். சிரித்தார். இடது பக்கத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. விரலை ஒரே இடத்தில் மறுபடி மறுபடி வைத்தார்.

"இந்தக் கட்டியை எப்பருந்து கவனிக்கிறீங்க?"

இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரியும் என்றேன். திரைக்கு அந்தப் பக்கம் நின்ற ராஜகனிக்கு இருமல் வந்தது.

அப்புறம் வண்டிக்குள் படம் எடுத்தார்கள். சப்பாத்தி அச்சில் மாவு உருண்டையை வைத்து அழுத்துகிற மாதிரி ஒவ்வொரு பக்கமாக வைத்து அழுத்துகிறார்கள். பல்லைக் கடிக்கிற வலிதான், கண்ணை மூடித் திறப்பதற்குள் விட்டுவிடுகிறார்கள். இதற்கா இத்தனை பயம்?

ராஜகனி உள்ளே போன சுருக்கில் வெளியே வந்தாள். "அதுக்குள்ளயா?" என்றேன். "கூட்டம் இல்லைல மதினி" என்றாள். கூச்சப்பட்டவள் முகமாக இல்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு நேரமும் இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

மதுரையிலிருந்து போன். மேற்கொண்டு பார்க்க வேண்டுமாம், வரச் சொன்னார்கள். எனக்குத்தான். ராஜகனிக்கு இல்லை. நல்லது.

பிப்ரவரி 13, வியாழன்

மதுரை ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்தார்கள். சங்கத்துக்கு வந்த அதே டாக்டரம்மா, பெயர் நளாயினி, சுற்றி வளைக்காமல் பேசினார். "சந்தேகமா இருக்கும்மா. ஊசி போட்டு உள்ளேருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதிச்சாத்தான் என்னன்னு உறுதியா சொல்ல முடியும். இன்னைக்கே எடுத்துடலாம்."

வரத்து சமயம், பங்குனி முடியட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

பஸ்ஸில் வீட்டுக்காரர் முன் சீட்டில் உட்கார்ந்து காதை எங்கள் பக்கம் வைத்திருந்தார். ராஜகனிதான் கேட்டாள். "வரத்தாம் வரத்து. நெசத்தைச் சொல்லுங்க."

சொன்னேன். கட்டி பாட்டுக்குச் சும்மா இருக்கிறது, வலிக்கவும் இல்லை. ஊசியை விட்டுக் குத்தினால் கலைந்து உடம்பெல்லாம் போய்விடும். மூட்டையைக் குத்தினால் சிந்தத்தானே செய்யும்? தெற்குத்தெரு அக்காவுக்குக் குத்திய பிறகுதான் முற்றியது என்று எல்லோரும் சொன்னார்கள்.

"அவுக குத்துறதுக்கு முன்னால ரெண்டு வருசம் மூடி வச்சிருந்தாக. அதையும் எல்லாரும் சொன்னாக" என்றாள்.

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். திருமங்கலத்தில் வெள்ளரிக்காய் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 21, வெள்ளி

உளுந்து நல்ல வரத்து. ஈரம் அதிகம்.

பிப்ரவரி 28, வெள்ளி

ரவிக்கையின் இடது பக்கத்தை நானே இன்னும் கொஞ்சம் பிரித்துக்கொண்டேன். மேலே தூக்குகிற வேலையை வலது கையால் செய்தால் கணக்குச் சரியாகிவிடுகிறது.

மார்ச் 4, செவ்வாய்

அவர் கடைக்கு வந்தார். சாப்பாட்டுக் கேரியரை வைத்துவிட்டுத் திரும்புகிற ஆள், இன்று திரும்பவில்லை. ஆணியில் தொங்கிய குத்தூசியை எடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. வியாபாரத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் பெட்டியில் பருப்புச் சுமந்து பஸ் ஸ்டாண்டில் விற்ற காலத்தில், என் பெட்டிக்கு விடாமல் லக்கேஜ் டிக்கெட் போட்ட கண்டக்டர் அவர். கல்யாணத்துக்குப் பிறகும் போட்டார்.

புது உளுந்து மூட்டை ஒன்றின் முன்னால் போய் நின்று ஊசியைச் செருகினார். உள்ளங்கையில் உளுந்தைக் கொட்டிக்கொண்டார். ஊசியை உருவி, அதன் முனையாலேயே ஓட்டையைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டார். நான் செய்வதைப் பார்த்திருக்கிறார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்த மூட்டைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க செய்றீங்க?"

"சிந்துதான்னு பாக்குறேன்."

மூட்டை தூக்குகிற சுடலைமுத்து வாயில் போட்ட வெற்றிலையை மெல்லாமல் நின்றான். வந்த ஆட்களும் என்ன ஏது என்று தெரியாமல் அந்த மூட்டையையே பார்த்தார்கள்.

"எத்தனை மணி உளுந்து சிந்துச்சு புஷ்பம்?"

"சிந்தாதுங்க. கீறிவிட்டா சணல் கூடிக்கும்."

"ஆயுசெல்லாம் குத்துன. ஒரு மூட்டையாவது ஒழுகிப்போச்சா?"

நான் கல்லாவைத் திறந்து மூடினேன்.

"சாக்கே கூடிக்கிடுது. உன் உடம்பு சாக்கை விட மட்டமா? குத்திப் பாக்காம நீ ஒரு மூட்டை வாங்குவியா சொல்லு. இதை மட்டும் பிரிக்காம வீட்டுல வச்சிருப்போம்னா, எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

ஆட்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வேலைக்குத் திரும்பினார்கள். கையிலிருந்த உளுந்தை எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதை நான் வாங்கி மூட்டையில் போடவில்லை.

மார்ச் 6, வியாழன்

ஊசி போட்டாகிவிட்டது. மரத்துப் போக மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள். படார் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "ஊசியால பரவிடும்னு நிறையப் பேர் பயந்துக்கிட்டு வராமலே இருந்துடுறாங்கம்மா. அப்படிப் பரவாது. என்னன்னு பாக்காம விடுறதுதான் ஆபத்து" என்றார் நளாயினி டாக்டர். தெரியும், வீட்டுக்காரர் செய்து காட்டினார் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

புற்றுநோய்தான்.

இரண்டாவது கட்டம். குணமாக்க முடியும் என்கிற நம்பிக்கையோடுதான் வைத்தியம் பார்க்கப் போவதாக டாக்டர் சொன்னார். இரண்டு இடத்தில் இருப்பதால் இடது மார்பை முழுதாக எடுக்க வேண்டும். அப்புறம் மருந்து, அப்புறம் கதிர் வைத்தியம். விட்டுவைத்திருந்தால் வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருப்போம் என்றார்.

"எடுத்துருங்க. வண்டு விழுந்ததை வச்சுக்கிட்டு என்ன செய்ய" என்றேன். நான் சொன்ன விதத்தில் டாக்டருக்கே திருப்தி.

வீட்டுக்கு வந்து குளியலறையில் கொஞ்சம் நேரமாகிவிட்டது. தண்ணீர் மெதுவாக வந்தது.

மார்ச் 27, வியாழன்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதுகிறேன். முந்தாநாள் ஆபரேஷன். ராஜகனி தலை வாரிவிட்டாள். அவர் காப்பி வாங்கப் போகிறேன் என்று போய், சிவந்த கண்ணோடு காப்பி இல்லாமல் வந்தார். கடை பூட்டியிருந்ததா என்று கேட்டேன். ஆமாம் என்றார். ஆஸ்பத்திரிக் கடையைப் பூட்டுவார்களா? விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இடது கை மேலே போகவில்லை. சுவரில் விரலால் நடந்து ஏறிப் பழக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அவர் பென்சிலால் சுவரில் கோடு போட்டுப் பெயர் எழுதிவிட்டார். கீழே விருதுநகர். அதற்கு மேல் கள்ளிக்குடி, திருமங்கலம், திருப்பரங்குன்றம், உச்சியில் மதுரை.

கள்ளிக்குடிக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. "இறங்குறவங்க இறங்கலாம்" என்றார்.

"டிக்கெட் எடுத்தாச்சு. போற வரைக்கும் போவேன்" என்றேன்.

மே 9, வெள்ளி

மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து வாயில் எதை வைத்தாலும் இரும்பு ருசி. இன்று முடி கொத்தாகக் கையோடு வருகிறது. அவர் இருக்கன்குடிக்குப் போய் மொட்டை போட்டுவிடலாமா என்றார். தானாகக் கொட்டுகிற சரக்கை அம்மனுக்குக் காணிக்கை என்று கொடுப்பது நியாயமில்லை என்றேன். ராஜகனி கத்தரியால் ஒட்ட வெட்டிவிட்டாள். வெட்டும்போது கை நடுங்காதவள், கூட்டி அள்ளும்போது வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

கடைக்கு வந்தவர்கள் எந்தக் கோயில் என்று கேட்டார்கள். மதுரை என்றேன்.

ஜூன் 3, செவ்வாய்

மருந்து. வாந்தி. திருமங்கலம் வரை ஏறிவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

காயம் நன்றாக ஆறிவிட்டது. ராஜகனி ரவிக்கைக்குள் ஒரு பை தைத்து, பஞ்சு அடைத்து ஒரு மார்பு செய்து கொடுத்தாள். பார்வைக்கு அச்சு அசல். ஆனால் பஞ்சுக்குக் கனம் கிடையாது. கையைத் தூக்கினால் கழுத்துக்கு ஏறிவிடுகிறது. இன்று சரக்குப் பேசிக்கொண்டிருக்கும்போது ஏறிவிட்டது, எதிரே இருந்தவர் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த சாமி படத்தைப் பக்தியோடு பார்த்தார்.

இரவுச் சாப்பாட்டில் மூவரும் கூடிப் பேசினோம். உள்ளே தானியம் போட்டால்தான் கனம் நிற்கும் என்றேன். இது என் துறை.

"உளுந்து?" என்றார் அவர்.

"வேர்வை பட்டா புளிச்சு நாறும்."

"பாசிப்பயறு?"

"முளைவிடும்" என்றாள் ராஜகனி. "மதினி நெஞ்சுல பயறு முளைச்சா பஜாருல பறிச்சுருவாக."

கடுகு என்று நான் முடிவு சொன்னேன். உருண்டை, வழுவழுப்பு, அமுக்கினால் இடம் கொடுக்கும், விட்டால் பழைய இடத்துக்கு வரும்.

"கடுகு மட்டும் முளைக்காதா?" என்றார்.

"வறுத்தா முளைக்காது."

ராஜகனி வெறும் சட்டியில் கடுகை வறுத்தாள். பொரிந்து அடுப்பங்கரையெல்லாம் தெறித்தது. ஆறவைத்து, இரட்டைத் துணியில் பஞ்சும் கடுகுமாகத் தைத்தாள். எவ்வளவு கனம் வேண்டும் என்று கேட்டாள். மற்றப் பக்கத்தைத் தராசில் வைக்க முடியாது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இன்னும் ஒரு கைப்பிடி போடு ராசு" என்றார்.

ராஜகனி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு எழுந்து ஓடினாள். ஆபரேஷனுக்குப் பிறகு நான் வயிறு வலிக்கச் சிரித்தது இன்றுதான். ஒரு கைப்பிடி போட்டதும் சரியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கடைசி மருந்து. மதுரையைத் தொட்டேன். ஆஸ்பத்திரி மதுரையை இல்லை, சுவரில். அவர் விசில் அடித்தார்.

செப்டம்பர் 19, வெள்ளி

கதிர் வைத்தியமும் முடிந்தது. அந்த இடம் வெயிலில் காய்ந்த மாதிரி கறுத்திருக்கிறது. இனி மாத்திரை, அவ்வப்போது பரிசோதனை. முடி பூனைமயிர் போல வருகிறது. டாக்டரிடம் முதுகில் எண்ணெய் தேய்க்கலாமா என்று கேட்டேன். கறுத்த பக்கம் வேண்டாம், முதுகுக்குத் தாராளமாகத் தேய்க்கலாம் என்றார்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

சங்கத்துக்கு மறுபடி ஆஸ்பத்திரி வண்டி. இந்தத் தடவை நாற்காலி போதவில்லை.

நேற்றே மில்லில் கல் பொறுக்குகிற பெண்களைச் சாக்கு அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கடுகுப் பையை வெளியே எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டேன். முதலில் தொடவே பயந்தார்கள். அப்புறம் கைமாற்றிக் கைமாற்றி அமுக்கிப் பார்த்து, சிரித்து, ஒருத்தி மோந்துகூடப் பார்த்தாள். "ரசம் வாசனை அடிக்குதுக்கா."

வேலம்மா மட்டும் சிரிக்கவில்லை. "கட்டி ரொம்ப வலிச்சுச்சாக்கா?" என்று கேட்டாள்.

"வலிக்கவே இல்லைத்தா. அதான் விட்டுட்டேன். வலி இல்லைன்னா நல்லதுன்னு நெனைக்காதீக. குளிக்கும்போது கை வச்சுப் பாருங்க. கட்டி தட்டுச்சுன்னா, தோல் இழுத்துச்சுன்னா, காம்புல நீர் கசிஞ்சா அன்னைக்கே கிளம்புங்க. ஒண்ணும் இல்லைன்னாலும் நாளைக்கு வந்து காட்டுங்க."

விட்டுவிட்டேன் என்று வாய் தவறி வந்திருக்கிறது. பேச்சு வேகம்.

அத்தனை பேரும் வந்தார்கள், வேலம்மாதான் முதல் ஆள். கடைசியில் பெயர் எழுதும் மேசையில் இருந்த நர்ஸ் ராஜகனியைக் கேட்டார், போன தடவை படம் எப்போது எடுத்தது என்று. எனக்குத் தெரியுமே என்று, "பிப்ரவரி" என்றேன்.

"இல்லைங்க" என்றாள் ராஜகனி, என்னைப் பார்க்காமல். "போன வருசம் ஆயுத பூஜை வாரம். மதுரையில. பிப்ரவரியில கையால மட்டும் பாத்துட்டு, படம் இப்ப வேண்டாம்னுட்டாங்க."

ஆயுத பூஜை வாரம் அவள் மதுரைக்குப் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பட்டனும் லைனிங் துணியும் வாங்கப் போனாள்.

வீட்டுக்கு வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டேன். "செத்தாலும் ஒருத்தி முன்னால நிக்க மாட்டேன்னு சொன்ன?"

"சொன்னேன்."

"ஏற்கெனவே பாத்துட்டு வந்திருந்தவ?"

"தைக்க வந்த டீச்சரக்கா ஒருத்தவுக சொன்னாக, அவுககூடப் போனேன். மதினி, நீங்க வெள்ளிக்கிழமை முதுகு தரலை. ரவிக்கையில ஒரு பக்கம் மட்டும் தளர விடச் சொன்னீக. வாங்க ஆஸ்பத்திரிக்குன்னு கூப்பிட்டா வந்திருப்பீகளா? உங்களுக்கு லாபம்னு தோணினாத்தான எதுக்கும் சம்மதிப்பீக."

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"ரெண்டு பேரும் ஏறியாச்சான்னு கேட்டது யாரு?"

உள்ளேயிருந்து அவர் இருமினார். இந்த வீட்டில் எல்லோருக்கும் சமயத்துக்கு இருமல் வருகிறது.

பஜாரில் இன்றுவரை என்னை ஒருவரும் பேரத்தில் ஏய்த்தது கிடையாது. ஏய்த்தவள் வாசல் அறையில் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஒன்று மட்டும் எழுதிவைக்கிறேன். பிப்ரவரியில் நான் அவளுக்காகத்தான் போனேன். இதை மாற்றி எழுதப் போவதில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளி நெருக்கம். கடையில் நிற்க இடமில்லை. சுடலைமுத்துவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பின்கட்டில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, "ராசு, எண்ணெய்" என்று குரல் கொடுத்தேன். மிஷின் சத்தம் நின்றது. கிண்ணம் சூடாகவே வந்தது. தினமும் காய்ச்சி வைத்திருப்பாளோ என்னவோ.

சேலையை விலக்கி முதுகைக் காட்டினேன். தழும்பு விலாவைச் சுற்றிப் பின்னால் கொஞ்சம் வருகிறது. அவள் கை அது வரைக்கும் வந்து, நின்று, சுற்றிக்கொண்டு போனது. எட்டாத இடமெல்லாம் எண்ணெய் பட்டது. பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை, அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கணக்குச் சரி.

"என் கை சொரசொரன்னு இருக்கும்னு சொன்னீகளே மதினி."

"இருக்கத்தான் செய்யுது. தேய்."